கால் வருவதற்கு முன்னும் வந்த பின்னும்: பர்மாத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

கால் இழந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "செயற்கைக் கால் எப்போது போடுவார்கள்?" என்பதுதான். 2025 மார்ச் 28 அன்று பகல் 12.50 மணியளவில் சகாயிங் நிலப்பிளவு நெடுக 7.7 அளவில் பூமி அதிர்ந்தபோது, மாண்டலேயில் சரிந்த ஒரு கட்டடத்தின் கீழ் அகப்பட்டு இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த எனக்கும், முதல் ஒரு மாதம் முழுக்க அந்தக் கேள்விதான் மனத்தில் ஓடியது. இப்போது யோசித்தால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்று தெரிகிறது. கால் வருவதற்கு முன்னால் கிடைக்கிற இரண்டு மூன்று மாதங்களில் எஞ்சிய காலை, அதாவது வெட்டுக்கு மேலே மிஞ்சியிருக்கும் பகுதியை, எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான், பிறகு வருகிற கால் நம்மைத் தாங்கி நடக்கும் அல்லது வீட்டு மூலையில் சாத்தி வைக்கப்படும்.

தையல் பிரிக்கும்வரை மருத்துவர் சொல்வதே சட்டம். நான் எழுதுவது அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றி. அதாவது கட்டிலைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகு, பெகுவிலோ தாட்டானிலோ உள்ள ஒரு கிராமத்து வீட்டில், கேட்பதற்கு ஆளில்லாமல் படுத்திருக்கும் நாட்களைப் பற்றி.

தலையணையை எடுத்துவிடுங்கள்

உறவினர் செய்கிற முதல் உபகாரம், எஞ்சிய காலுக்கு அடியில் தலையணை வைப்பது. அறுவைக்குப் பிந்தைய ஓரிரு நாள் வீக்கம் வடிவதற்காக மருத்துவமனையில் காலை உயர்த்தி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்த பழக்கத்தில் வீட்டிலும் மாதக்கணக்கில் அப்படியே தொடர்வார்கள். முழங்கால் மடிந்தபடியே கிடந்தால் பின்புறத் தசைகள் சுருங்கி, பிறகு எவ்வளவு இழுத்தாலும் நிமிராமல் போய்விடும். நிமிராத முழங்காலுக்குச் செயற்கைக் கால் பொருத்துவது மிகவும் கடினம். ஆகவே படுக்கும்போது முழங்கால் நேராக இருக்கட்டும். நாற்காலியில் உட்காரும்போது எஞ்சிய காலைத் தொங்கவிடாமல், பக்கத்தில் ஒரு முக்காலியையோ பலகையையோ போட்டு அதன்மேல் நீட்டி வையுங்கள். தொடையில் வெட்டுப்பட்டவர்களுக்கு இதே ஆபத்து இடுப்பு மூட்டில் வரும். அவர்கள் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடமாவது தரையில் பாய் விரித்துக் குப்புறப் படுக்க வேண்டும்.

அடுத்தது கட்டு. காயம் ஆறி மருத்துவர் அனுமதித்த பிறகு, எலாஸ்டிக் கட்டுத்துணியால் எஞ்சிய காலை இறுக்கிச் சுற்றிவந்தால் வீக்கம் வடிந்து, நுனி மெல்லக் கூம்பு வடிவத்துக்கு வரும். துணியை மோதிரம் போல வட்டமாகச் சுற்றக் கூடாது. குறுக்கும் நெடுக்குமாக, எட்டு என்ற எண்ணை எழுதுவது போலச் சாய்வாகச் சுற்ற வேண்டும். நுனியில் அழுத்தம் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். மேலே இறுக்கிக் கீழே தளர்த்திவிட்டால், கழுத்தில் கயிறு கட்டிய பை மாதிரி நுனி உப்பிக்கொள்ளும். அந்த வடிவம் எந்தச் சாக்கெட்டிலும், அதாவது எஞ்சிய காலை நுழைக்கிற செயற்கைக் காலின் மேல்கூட்டில், இறங்காது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, தோலைப் பார்த்து, மறுபடி சுற்றுங்கள். விண்ணென்று தெறித்தாலோ நுனி நிறம் மாறினாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதை மருத்துவரிடமோ இயன்முறைச் சிகிச்சையாளரிடமோ நேரில் கற்றுக்கொள்ளாமல் செய்யவே கூடாது. அவர்களுக்கு வலி தெரியாமலே புண் வந்துவிடும்.

தோலையும் பழக்க வேண்டும். தழும்பு நன்றாக மூடிய பிறகு, முதலில் மெல்லிய பருத்தித் துணியாலும், சில நாள் கழித்துச் சொரசொரப்பான துண்டாலும் நுனியை மெதுவாகத் தேய்த்து, விரல்களால் தட்டிக் கொடுங்கள். தொட்டாலே சுருங்குகிற தோல் உடம்பின் பாரத்தைத் தாங்காது. இதைச் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு: பார்க்கவே பிடிக்காமல் துணியால் மூடி வைத்திருந்த அந்த இடம், தினமும் தொடத் தொட நம் உடம்பாக மாறிவிடுகிறது.

இல்லாத கால் வலிப்பது

வெட்டிய காலின் விரல்கள் வலிப்பதும், அரிப்பதும், முறுக்கிக்கொள்வதும் மனக்கோளாறு அல்ல. உறுப்பு இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. அறுபட்ட நரம்பின் முனையும் தண்டுவடமும் மூளையும் அந்தக் கால் இன்னும் இருப்பதாகவே கணக்கு வைத்திருப்பதால் வருகிற வலி இது. புதைத்த கால் கோணலாகக் கிடப்பதால்தான் வலிக்கிறது என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு. அவர்களோடு வாதம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் விட்டுவிடவும் கூடாது.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனித் தடங்கல் இருக்கிறது. பர்மியம் சரளமாக வராத பாட்டி, "இல்லாத கால் எரிகிறதய்யா" என்று தமிழில் சொல்வார். மொழிபெயர்க்க உடன் போன பேரன், பாட்டி பிதற்றுவதாக நினைத்து வெட்கப்பட்டு, "புண் வலிக்கிறதாம்" என்று மட்டும் பர்மியத்தில் சொல்லிவிடுவான். மருத்துவர் புண்ணைப் பார்ப்பார், ஆறியிருக்கும், சாதாரண வலி மாத்திரை எழுதுவார். நரம்பு வலிக்கான மருந்து வேறு, வழக்கமான வலி மாத்திரை வேறு. ஆகவே உடன் போகிறவர்கள், நோயாளி சொல்வது எவ்வளவு விசித்திரமாகத் தோன்றினாலும், சொன்னபடியே சொல்லுங்கள்.

கண்ணாடிப் பயிற்சி பலருக்கு உதவுகிறது. இதைக் கண்டுபிடித்தவர் தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் அவர் அறிமுகப்படுத்திய முறை இது. கால்களை நீட்டி உட்கார்ந்து, ஓர் ஆள் உயரக் கண்ணாடியை இரண்டு கால்களுக்கும் நடுவே நெடுக்காக நிறுத்தி, நல்ல காலின் பிம்பம் இழந்த காலின் இடத்தில் தெரியும்படி வைக்க வேண்டும். பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே நல்ல காலின் பாதத்தை மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும்; மனத்தால் மற்றக் காலையும் அதேபோல அசைக்க வேண்டும். நாளுக்கு 15 நிமிடம், நான்கு வாரம் விடாமல் செய்து பார்க்கலாம். எல்லாருக்கும் பலிப்பதில்லை. சிலருக்கு முதல் நாள் அழுகை வரும். வலியோ கலக்கமோ கூடினால் நிறுத்திவிடுவது நல்லது.

காலை வாங்கும்போது கேட்க வேண்டியவை

இந்த நாட்டில் செயற்கைக் கால் செய்கிற தொழில் வளர்ந்ததற்குக் காரணம் கண்ணிவெடிகள். 2023ஆம் ஆண்டில் மட்டும் கண்ணிவெடிகளாலும் வெடிக்காத குண்டுகளாலும் இங்கே 1,003 பேர் இறந்தோ காயமடைந்தோ இருப்பதாகக் கண்ணிவெடிக் கண்காணிப்பு அறிக்கை பதிவு செய்தது; அந்த ஆண்டு உலகிலேயே அதுதான் அதிகம். யாங்கோனில் உள்ள தேசிய மறுவாழ்வு மருத்துவமனையும், கரென் மாநிலத்தின் பா-ஆனில் செஞ்சிலுவைச் சங்கம் நடத்திவரும் மையமும் நெடுங்காலமாகக் கால் செய்து கொடுத்து வருகின்றன. எங்கே போனாலும் வெட்டு எந்த உயரத்தில், எந்தத் தேதியில் நடந்தது என்று எழுதிய மருத்துவமனைச் சீட்டைக் கையில் வைத்திருங்கள். அடையாள அட்டை இடிபாட்டில் போய்விட்டிருந்தால், கால் வரட்டும் என்று காத்திராமல், ஊன்றுகோலோடேயே போய் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பயணம் போவதற்கும் அதுதான் வேண்டியிருக்கிறது.

அளவெடுப்பவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது, நீங்கள் எத்தனை நேரம் வெறுங்காலோடு இருப்பீர்கள் என்பது. செயற்கைப் பாதம் ஒரு குறிப்பிட்ட செருப்பின் குதி உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்படுகிறது. அந்தச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் நுழைந்தால் உடம்பு பின்னால் சாய்வது போலிருக்கும், முழங்காலும் விறைத்துக்கொள்ளும். நமக்கோ வீட்டிலும் வெறுங்கால், கோயிலிலும் வெறுங்கால், பர்மிய நண்பரோடு பகோடாவுக்குப் போனாலும் வெறுங்கால். 1968இல் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம், வெறுங்காலோடு நடப்பவரையும் தரையில் உட்காருபவரையும் மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. அது கிடைக்காத இடத்தில், தட்டையான ரப்பர்ச் செருப்பைக் காட்டி, "இதற்கு ஏற்ப வையுங்கள்" என்று கேளுங்கள். வெறுங்காலுக்கும் அதற்கும் வித்தியாசம் குறைவு. தெருவில் போடாத, வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் மட்டும் போடுகிற சுத்தமான பாதுகை ஒன்றை வைத்துக்கொண்டு, குருக்களிடமோ தர்மகர்த்தாவிடமோ ஒருமுறை சொல்லி அனுமதி வாங்கிவிட்டால் பிறகு வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

புதுக் கால் வந்த முதல் நாள் அரை மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியவுடன் தோலைப் பாருங்கள். சிவப்பு 10, 20 நிமிடத்துக்குள் மறைந்தால் சரி. மறையாவிட்டால் அந்த இடத்தில் சாக்கெட் அழுத்துகிறது என்று பொருள். எனக்கு முதலில் கால் செய்து கொடுத்த இடத்தில், அழுத்துகிறது என்று சொன்னபோது, "போடப் போடப் பழகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்ததில் ஆறு வாரம் ஆறாத புண்ணோடு மறுபடி படுக்கையில் கிடந்தேன். பழகிவிடும் என்பது தசைக்குப் பொருந்தும், எலும்பு முனைக்குப் பொருந்தாது. திரும்பப் போய் அந்த இடத்தைத் தளர்த்திக் கேட்பது நம் உரிமை. பஞ்சை அடைத்து நாமே சரிசெய்வதோ, கத்தியால் சுரண்டுவதோ வேண்டாம்.

முதல் ஓராண்டில் எஞ்சிய கால் தொடர்ந்து மெலியும். அதனால் சாக்கெட் தளரும். பருத்திக் காலுறையை ஒன்றுக்குமேல் ஒன்றாகப் போட்டு அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். உறைகளை அடுக்கிக்கொண்டே போய், அப்போதும் உள்ளே கால் ஆடினால் புதிய சாக்கெட் தேவை. குழந்தைகளுக்கு எலும்பு வளர்வதால் ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை கால் மாற்ற வேண்டியிருக்கும். பெற்றோர் இதைத் தொடக்கத்திலேயே அறிந்து செலவுக்கு ஏற்பாடு செய்வது நல்லது.

எஞ்சிய காலை இரவில் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். காலையில் கழுவினால் ஈரத் தோலோடு சாக்கெட்டுக்குள் போக வேண்டியிருக்கும். தேங்காய் எண்ணெயோ தனக்கா என்கிற பர்மிய மரப்பட்டைச் சாந்தோ பூசிக்கொண்டு காலைப் போடாதீர்கள். எண்ணெய் வேண்டுமானால் படுக்கும் முன் பூசலாம். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை விடாது. உறைகள் வெயிலில் காயாது. ஆறு ஜோடியாவது வைத்திருந்து, அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துங்கள். ஈரத்தில் வருகிற படை ஒரு வாரம் நடக்கவிடாமல் செய்துவிடும்.

வீடும் வழியும்

செயற்கைக் கால் வந்த பிறகும் ஊன்றுகோல் தேவைப்படும். அக்குள் ஊன்றுகோலின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். ஒற்றைக் கைத்தடி பிடிப்பவர்கள் அதை நல்ல கால் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும்; எல்லாரும் முதலில் மாற்றித்தான் பிடிப்பார்கள். தூண்மேல் நிற்கும் வீடுகளில் படிதான் முதல் எதிரி. ஏறும்போது நல்ல காலை முன்னே வையுங்கள், இறங்கும்போது செயற்கைக் காலை முன்னே வையுங்கள்; படியின் இருபக்கமும் மூங்கிலால் கைப்பிடி கட்டுவது ஒரு நாள் வேலை. கழிப்பிடத்துக்கு, பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் துளை போட்டுக் குழிக்கு மேல் வைத்து, நான்கு காலையும் அசையாமல் கட்டிவிட்டால் போதும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது நள்ளிரவு. தூக்கத்திலிருந்து எழும்போது கால் இல்லை என்பது மறந்துவிடும். எழுந்து நின்றுவிடுவோம், விழுவது தையல் போட்ட முனைமேல்தான். படுக்கைக்கு அருகில் சிறுநீர்க் கலம் ஒன்றையும், கை எட்டும் இடத்தில் ஊன்றுகோலையும், மின்சாரம் இல்லாத இரவுக்கு ஒரு டார்ச்சையும் வையுங்கள். முதல் மூன்று மாதம் யாராவது ஒருவர் பக்கத்தில் படுப்பது அவசியம்.

கை இழந்தவர்களுக்கு வேறு விதமான பாடு. லோஞ்சியை, அதாவது இடுப்பில் கட்டும் பர்மியக் கைலியை, முடிச்சுப் போட இரண்டு கை வேண்டும். இடுப்பில் எலாஸ்டிக்கோ ஒட்டுப்பட்டையோ வைத்துத் தைத்துவிட்டால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. வலது கை போனவருக்கு உண்பதைவிடக் கடினமானது, இடது கையால் பிறருக்கு எதையும் கொடுக்கக் கூடாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது. திருநீறு வாங்க இடது கையை நீட்டத் தயங்கியே கோயிலுக்குப் போவதை நிறுத்தியவரை நான் அறிவேன். இதை அந்த ஒருவர் தனியாகத் தாண்ட முடியாது. பந்தியில் பரிமாறும் வாளியை அவருடைய இடது கையில் பெரியவர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் கொடுத்துவிட்டால், பேச்சு அன்றே அடங்கிவிடும்.

தொழிலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் அது அவரவர் ஊரையும் கைப்பொருளையும் பொறுத்தது. சேற்று வயலில் செயற்கைக் காலோடு நடவு செய்வது எனக்கு முடியவில்லை. நெல் புடைப்பதும், வரப்பிலிருந்து மேற்பார்ப்பதும், தேநீர்க் கடையில் கல்லாவில் உட்காருவதும் முடிகிறது. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர் மிதி தையல் இயந்திரத்தை நல்ல காலாலேயே ஓட்டலாம். மோட்டார் சைக்கிளில் கியர் இடது காலுக்கு, பின்சக்கர பிரேக் வலது காலுக்கு என்பதால், எந்தக் கால் போனது என்பதைப் பொறுத்து வண்டியைத் தேர்ந்தெடுங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டர் இருவருக்கும் எளிது. செயற்கைக் காலோடு நடக்க முன்னைவிட அதிகச் சக்தி செலவாகும், தொடையில் வெட்டுப்பட்டவருக்கு இன்னும் அதிகம். பழைய வேலை நேரத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள். மியான்மர் 2011இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. 2015இல் சட்டமும் இயற்றியது. அலுவலகத்தில் பேசும்போது அந்த ஆண்டுகளைச் சொன்னால் எதிரில் இருப்பவர் சற்று நிமிர்ந்து உட்காருவார். அதற்குமேல் பலன் கிடைக்குமா என்பது அவரவர் பொறுமை.

அடுத்தவரின் கட்டிலருகே

ஓராண்டு கழிந்த பிறகு உங்களை யாராவது கூப்பிடுவார்கள்: "அண்ணே, எங்கள் ஊரில் ஒரு பையனுக்குக் கால் எடுத்துவிட்டார்கள், நீங்கள் ஒருமுறை வந்து பேச வேண்டும்." போங்கள். ஆனால் எப்படிப் போவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தனியாகப் போங்கள். ஊன்றுகோல் கொடுக்கும்போது நால்வர் நின்று படம் எடுத்துக்கொள்கிற வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அந்தப் படத்தில் இருக்கிறவன் அன்றைக்கு முகம் கழுவியிருக்கக்கூட மாட்டான். கட்டிலுக்கு மேலே நின்று பேசாமல், அவன் கண் மட்டத்துக்கு வரும்படி உட்காருங்கள். லோஞ்சி கட்டிக்கொண்டு போனால் உங்கள் கால் மறைந்திருக்கும். அவனாகக் கேட்கும்வரை அதைக் காட்டாதீர்கள். கேட்டால் கழற்றி அவன் கையில் கொடுங்கள். அதன் கனத்தை அவன் தூக்கிப் பார்க்கட்டும், உங்கள் எஞ்சிய காலையும் பார்க்கட்டும். நான் எத்தனையோ செய்திகள் சொல்லப் போய், ஒருவன் கேட்ட ஒரே கேள்வி, "அண்ணே, இதைப் போட்டுக்கொண்டு தூங்குவீர்களா?" என்பதுதான். இல்லை, கழற்றி வைத்துவிடுவேன் என்றேன். அந்த ஒரு பதிலில் அவன் முகம் தெளிந்தது. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"உயிராவது மிஞ்சியதே" என்று சொல்லாதீர்கள். அதே இடிபாட்டில் அவன் தங்கையை இழந்திருக்கலாம். அப்படியானால் காலைப் பற்றிப் பேசும் நாள் அது அல்ல, தங்கையைப் பற்றிப் பேசவிடுங்கள். எத்தனை மாதத்தில் நடப்பான் என்று தேதி சொல்லாதீர்கள். "செத்திருக்கலாம்" என்று அவன் சொன்னால், "அப்படிப் பேசாதே" என்று வாயை அடைக்காமல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. இருக்கிறது என்றால் அவனைத் தனியே விடாமல், வீட்டில் உள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தச் சொல்லி, அன்றே மருத்துவரிடம் தெரிவியுங்கள். நீங்களே தூக்கிச் சுமக்க முயலாதீர்கள்.

புறப்படும்போது அம்மாவோடும் மனைவியோடும் தனித்தனியே சில நிமிடம் பேசுங்கள். முப்பது வயது மகனுக்கு அம்மா ஊட்டிவிட்டுக்கொண்டிருப்பார். அதை நிறுத்தச் சொல்வதைவிட, தட்டை அவன் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிடச் சொல்வது எளிது. மனைவிக்கு இருக்கிற கேள்விகள் வேறு. அவற்றுக்கு உங்கள் மனைவி பதில் சொல்வதே பொருத்தம். அடுத்த முறை அவரையும் அழைத்துப் போங்கள்.

ஊரில் ஒரு சிறு ஏற்பாடும் செய்யலாம். குணமானவர்கள் வீட்டில் எறிந்து கிடக்கும் ஊன்றுகோல்களையும் சக்கர நாற்காலிகளையும் சேர்த்து, கோயில் மண்டபத்தின் ஓர் அறையில் வைத்து, எடுத்துப் போகிறவர் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே ஊன்றுகோலின் அடியில் மாட்டும் ரப்பர்க் குமிழ்களை ஒரு டப்பாவில் நிறைய வாங்கி வையுங்கள். தேய்ந்த குமிழோடு மழைக்காலச் சிமெண்டுத் தரையில் நடந்தால் கோல் வழுக்கிவிடும். எங்கள் மண்டபத்தில் ஊன்றுகோல் கேட்டு வருகிறவர்களைவிட, அந்தக் குமிழ் ஒன்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.